தெரபிக்குப் போகும் ஆட்டிசம், ஏடிஹெச்டி உள்ள பெரியவர்களுக்கு

“இப்போ மனசுல என்ன தோணுது?” என்று தெரபிஸ்ட் கேட்கிறார். எதிரே இருப்பவருக்கு வயிறு இறுகியிருப்பது தெரிகிறது, டியூப்லைட் இரைவது காதைக் குடைகிறது, ஆனால் உள்ளே இருப்பது பயமா கோபமா என்று மட்டும் சொல்ல வரவில்லை. ஆட்டிசம் உள்ளவர்களில் நிறைய பேருக்கு இப்படித் தன் உணர்ச்சி எது என்று சொல்ல வராது, இதை அலெக்சிதைமியா என்பார்கள். இதைப் போய் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதி வைப்பது அநியாயம்.

டிஎஸ்எம் என்பது மனநலக் குறைபாடுகளைக் கண்டறிய அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் வெளியிடும் கையேடு. 2013-ல் அதன் ஐந்தாம் பதிப்பு வரும்வரை ஒரே ஆளுக்கு ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் (கவனம் நிற்காமை, அதீதத் துறுதுறுப்பு) சேர்ந்து இருப்பதாகச் சொல்லவே அந்தக் கையேட்டில் இடமில்லை. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மட்டுமே வருஷக்கணக்காக வைத்தியம் பார்த்துக்கொண்டு, அடியில் இருப்பது என்ன என்று யாரும் கேட்காமலே நடுவயதுக்கு வந்துவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

தெரபியே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நமக்கேற்ப மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம், கேட்கணும். ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு தெரபி) தரும்போது எழுத்தும் படமும் கூடுதலாக வேண்டும், உவமைகளைக் குறைத்து நேரடியாகப் பேச வேண்டும், இடையிடையே ஓய்வு தர வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2012-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. கேள்விகளை முதல் நாளே அனுப்பச் சொல்லுங்கள். கண்ணைப் பார்க்காமல் பேசுங்கள், கையில் எதையாவது உருட்டிக்கொண்டே இருங்கள், அது மரியாதைக் குறைவே இல்லை. ஏடிஹெச்டி என்றால் செய்துவரச் சொன்ன பயிற்சி மறந்துபோகும். நடுவில் ஒரு மெசேஜ் போட்டு நினைவூட்ட முடியுமா என்று கேளுங்கள்.

அப்புறம், புதிதாக ஒருவரிடம் போகிறீர்கள் என்றால் நேரம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்: “பெரியவங்கள்ல ஆட்டிசம், ஏடிஹெச்டி பார்த்திருக்கீங்களா?”