"உள்ளே" என்றுதான் சொன்னேன்

நான் "உள்ளே" என்றுதான் சொன்னேன். கால்பந்து ஆட்டங்களை நேரலையில் பார்த்துக் கணக்கில் பதிவதுதான் எங்கள் மேஜையின் வேலை. அங்கே அதற்கு, பந்து பெனால்டி பாக்ஸுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். கோல் விழுந்தால், நடுவர் நடுவட்டத்தைக் கைகாட்டிய பிறகு, "கோல், கோல்" என்று இரண்டு தடவை சொல்ல வேண்டும். நான் பார்த்துச் சொல்வேன், பக்கத்தில் தம்பி பட்டனை அமுக்குவான்.

2017 டிசம்பர் 2, ஜப்பானின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான ஜே1 லீக்கின் கடைசி நாள். எங்களுக்கு வந்தது ஜூபிலோ இவாதா – கஷிமா ஆன்ட்லர்ஸ் ஆட்டம். கஷிமாவுக்கு 71 புள்ளி, கவாசாகி ஃப்ரண்டாலேவுக்கு 69. கஷிமா ஜெயித்தால் பட்டம் அவர்களுக்கு. முதல் பாதி முடியப்போகும் நேரம். கார்னரில் வந்த பந்தை கஷிமாவின் உவேதா தலையால் முட்டினார், வலை அசைந்தது. நடுவர் ஃபவுல் கொடுத்துவிட்டார். அதற்குள் தம்பி அமுக்கிவிட்டான். நாங்கள் திருத்துவதற்குள் பதினேழு வினாடி ஓடிவிட்டது. அவ்வளவு நேரமும் எங்கள் கணக்கில் கஷிமாதான் சாம்பியன்.

டீம் லீட் வந்து நின்று, "யார் சொன்னது?" என்றார்.

"நான்தான் சார், அவசரப்பட்டுட்டேன்" என்றான் தம்பி.

அவர் கேட்டது யார் அமுக்கியது என்றல்ல, யார் சொன்னது என்று. சொல்வது என் வேலை. நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்ததே, கண்ணை எடுக்க முடியாதே என்று பிறகு எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் இடைவேளை பதினைந்து நிமிஷம். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

இவாதாவில் 0-0. அங்கே கவாசாகி ஒமியா அர்டிஜாவை 5-0 என்று அடித்தது, கோபயாஷி மட்டும் மூன்று கோல். இரண்டு அணிக்கும் 72 புள்ளி. கோல் வித்தியாசத்தில் கவாசாகிக்கு முதல் பட்டம். சாம்பியனுக்கான அசல் கேடயம் இவாதாவில் மாட்டிக்கொண்டதால் கவாசாகிக்காரர்கள் குளியலறையில் தண்ணீர் மொள்ளும் ஒரு சிறு வாளியைத் தூக்கிக் கொண்டாடினார்கள். அறையே அந்தத் திரை முன்னால் கூடிவிட்டது. தம்பி மட்டும் எங்கள் மேஜையிலேயே உட்கார்ந்து பிழைப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். 'காரணம்' என்ற கட்டத்தில் ஏதோ எழுதினான், அடித்தான், மறுபடி எழுதினான்.

டீக்கடையில் கேட்டேன்: "ஏன்டா அப்படிச் சொன்னே?"

"அக்கா, நீங்க 'உள்ளே'ன்னீங்களா, 'கோல்'னீங்களா, எனக்கே சரியாத் தெரியல. குரல் அப்படி இருந்துச்சு."

குரல் அப்படித்தான் இருந்திருக்கும். வலை அசைந்தபோது நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தேன். வார்த்தை சரியாக இருந்தால் போதும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். விதி என்று ஒன்று இருக்கிறது, அவன் இரண்டாவது "கோல்" வரும்வரை காத்திருந்திருக்கலாம். அடுத்த சீசனில் அவனுக்கு நேரலை ஆட்டமே கொடுக்கவில்லை, பழைய ஆட்டங்களைச் சரிபார்க்க அனுப்பிவிட்டார்கள். லீடிடம் போய்ச் சொல்ல எனக்கு ஒரு சீசன் முழுக்க நேரம் இருந்தது.

அந்தக் காணொளியை இன்னும் எடுத்துப் பார்க்கிறேன். உவேதா எழும்புவது தெரிகிறது, பந்து போவது தெரிகிறது. நான் என்ன சொன்னேன் என்பது அதில் இல்லை.