ஒற்றியூரில் கவசம் திறந்த நாள்

திருவொற்றியூர் சிவன் கோயிலில் மூலவரின் கவசம் திறக்கிற மூன்று நாளில் முதல் நாள் போகக் கூடாது என்பது பெரியம்மாவின் கணக்கு. "மொத நாளு மந்திரிங்க, அதிகாரிங்க வருவாங்க. கடைசி நாளு மறந்து போனவங்கல்லாம் ஓடியாருவாங்க. நடுவுல போனாதான் நமக்கு." அதனால் போன கார்த்திகைப் பௌர்ணமிக்கு மறுநாள் கிளம்புவதாக முடிவு. காலடிப்பேட்டையில் குடியிருப்பவள், முந்தின ராத்திரி வில்லிவாக்கத்தில் என் வீட்டுக்கு வந்து தங்கினாள். கோயிலுக்குப் பக்கத்திலேயே வீட்டை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வருவானேன் என்று கேட்டால், "பாடிக்குப் போயிட்டுத்தான் ஒற்றியூரு" என்றாள். அது அவள் அம்மா காலத்து வழக்கமாம்.

பாடி திருவலிதாயம் கோயில் வாசலில் நாங்கள் ஆட்டோவை விட்டு இறங்கும்போது நன்றாக விடியவில்லை. நடையும் திறக்கவில்லை. டீக்கடைக்கு மேலே போகும் கேபிள் வயரில் ஒரு இரட்டைவால் குருவி உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. மற்ற பறவைகள் எழுந்திருக்கும் முன்பே குரல் கொடுக்கிற ஜாதி அது. மார்கழிப் பாசுரத்தில் ஆண்டாள் சொல்லும் ஆனைச்சாத்தன் இதுதான் என்பார்கள். கரிச்சான், கரிக்குருவி, வலியன் என்று இன்னும் பல பெயர்கள் உண்டு. இந்த ஊருக்கே அந்தக் கடைசிப் பெயரால்தான் பெயர். வலியன் குருவிக்குப் பிள்ளையாகப் பிறந்த பரத்வாஜ முனிவர் இங்கே சிவனை வணங்கினார், அதனால் வலிதாயம், சுவாமி திருவல்லீஸ்வரர் என்பது தலபுராணம். சம்பந்தர் பதிகம் பாடிய ஊர். இன்றைக்குக் கேட்டால் குருபெயர்ச்சிக் கூட்டத்தை வைத்துத்தான் எல்லோரும் அடையாளம் சொல்வார்கள். குருவியை யாரும் சொல்வதில்லை.

டீ வந்து சேர்வதற்குள் ஒரு காகம் அந்த வயர் பக்கம் வந்தது. குருவி விட்டதே ஒரு பாய்ச்சல்! தன்னைப் போலப் பல மடங்கு எடையுள்ள காகத்தின் முதுகில் கொத்திக் கொத்தி, எதிர்ச்சாரி மாடி வரைக்கும் துரத்திவிட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. பருந்தையும் இப்படித்தான் விரட்டும். புறா, கொண்டைக்குருவி எல்லாம் இது கூடு கட்டிய மரமாகப் பார்த்துப் பக்கத்தில் கூடு கட்டுவது இந்தக் காவலுக்காகத்தான். வலியன் என்ற பெயரை வைத்தவர் ஏட்டைப் பார்த்து வைத்திருக்க மாட்டார். இப்படி ஒரு விடிகாலையில் அண்ணாந்து பார்த்திருப்பார்.

நடை திறந்ததும் உள்ளே போய்விட்டுப் பின்பக்கம் சுற்றி வந்தோம். இங்கே கருவறை பின்னால் வளைந்து, உருண்டு இருக்கும். கஜபிருஷ்டம் என்பார்கள், யானையின் பின்புறம். தமிழில் இன்னும் நன்றாக இருக்கிறது: தூங்கானை மாடம். பெரியம்மா அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஆனை படுத்துக்கினுகீற மாதிரியே இல்ல?" என்றாள். மெதுவாகப் பேசினாள், எழுப்பிவிடக் கூடாது என்பது போல.

பேருந்து ஏறி, மாறி, வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ பிடித்துத் திருவொற்றியூர் தேரடியில் இறங்கினோம். மெட்ரோ இந்தப் பக்கம் வந்தது 2021இல். அதற்கு முன்னால் இதே பயணத்துக்குக் கன்டெய்னர் லாரிகளின் நடுவில் அரை நாள் போகும். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கோயிலுக்குள் போக முடியாது.

வரிசை நீளமாக இருந்தது. ராத்திரி பெய்த மழை வாசலில் தேங்கி நின்றது. எங்களுக்கு முன்னால் ஒருவர் "சொந்தக்காரங்க முன்னாடி இருக்காங்க" என்று நுழைந்தார். ஐந்து நிமிடத்தில் அந்தச் சொந்தம் பத்துப் பேராகப் பெருகியது. பெரியம்மா சுவாமியைப் பார்க்கும் வரை யாரோடும் சண்டை போடுவதில்லை என்று வாயை இறுக்கிக்கொண்டாள். எனக்கு அப்படி விரதம் எதுவும் இல்லை, ஆனாலும் பலன் ஒன்றுதான்.

இவ்வளவு கூட்டமும் எதற்கென்றால், இங்கே மூலவர் ஆதிபுரீஸ்வரர் புற்று மண்ணால் ஆனவர். வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தைக் களைந்து புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். மண் திருமேனிக்குத் தண்ணீர் ஊற்றினால் கரைந்துவிடாதா? அதனால்தான் தைலம். வாசுகி என்ற பாம்பை ஏற்றுக்கொண்டதால் படம்பக்கநாதர் என்றும் இவருக்கு ஒரு பெயர் உண்டு.

வரிசையில் பின்னால் நின்ற பெண் தன் பையனிடம், "உள்ள சாமி பாம்புப் புத்துடா, பாம்பே கட்டினது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பையன், "பாம்புக்குக் கை இல்லியே?" என்றான். நான் திரும்பிச் சிரித்துவிட்டேன். அவன் கேட்டதுதான் சரி. பாம்பு எந்தக் காலத்திலும் புற்று கட்டியதில்லை. அது குடி வருகிற ஆள். கட்டுவது கறையான். மண்ணைத் துகள் துகளாக எடுத்து எச்சிலில் குழைத்து அடுக்குகிறது. உள்ளே காற்றுப் போக வழி வைத்து, ஒரு வகைக் காளானைத் தோட்டம் போட்டு வளர்த்து அதைச் சாப்பிடுகிறது. வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிர்ச்சி கெடுவதில்லை. கறையான் விட்டுப்போன புற்றுக்குள் பாம்பு நுழைவது அந்தக் குளிர்ச்சிக்காகத்தான். இத்தனைக்கும் அந்தக் கறையானுக்குக் கண்ணே தெரியாது. இதையெல்லாம் அந்தப் பையனுக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம சாமியக் கட்டினது கறையானா?" என்றான். அவன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு மேல் நான் பேசவில்லை. மண்ணெடுத்துக் கொடுத்தது யாராக இருந்தால் என்ன, அதில் வந்து அமர்ந்தது யார் என்பதல்லவா கேள்வி என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

உள்மண்டபம் நெருங்கும்போதே வாசனை வந்துவிட்டது. சாம்பிராணி தெரிந்த வாசனை. அதற்கு அடியில் கனமாக, கொஞ்சம் விலங்கு வாடையும் கலந்து இன்னொன்று. அதுதான் புனுகு. திருப்பதியிலும் வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பிறகு பெருமாளுக்கு இதைச் சாத்துவார்கள். புனுகுப் பூனை என்று பெயரே தவிர, அது பூனைக் குடும்பம் இல்லை. வரிவரியாகப் புள்ளி போட்ட உடம்பு, வளையம் போட்ட வால், ராத்திரியில் மட்டும் நடமாட்டம். வால் அடியில் உள்ள சுரப்பியிலிருந்து வரும் பிசினை மரத்திலும் கல்லிலும் தேய்த்துவிட்டுப் போகும். 'இது என் எல்லை' என்று அது எழுதி வைக்கிற கடிதம் அது. அந்தக் காலத்தில் காட்டுக்குள் போனவர்கள் மரத்தில் ஒட்டியதை வழித்து எடுத்தார்கள். பிறகு கூண்டில் அடைத்து உள்ளே ஒரு கட்டையை நட்டு, அது தேய்ப்பதை எடுத்தார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள பிராணி இப்போது. நம்ம ஓட்டு வீட்டுப் பரணில் ராத்திரி உருட்டுகிற மரநாய் இதற்கு உறவுக்காரன்தான், ஆனால் வேறு ஆள்.

காட்டில் ஒரு சிறு பிராணி தன் எல்லையைச் சொல்லத் தேய்த்துவிட்டுப் போனது, எல்லையே இல்லாதவன் மேனியில் வாசனையாகிறது. வரிசை நகராமல் நின்றபோது இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தரிசனம் கிடைத்தது மிஞ்சிப்போனால் பத்து விநாடி. கவசம் இல்லை. கறுத்து, தைலத்தில் மினுங்கி, வழவழப்பு இல்லாத மேனி. செதுக்கிய கல்லுக்கு இருக்கும் ஒழுங்கு எதுவும் இல்லை. தானாக எழும்பியதன் மேடும் பள்ளமும் அப்படியே. விளக்கு ஒருமுறை மேலேறி இறங்கியது. "நகருங்க நகருங்க." பெரியம்மா கும்பிடக்கூட இல்லை, பார்த்துக்கொண்டே நின்றாள். வெளியே வந்து ரொம்ப நேரம் கழித்து, "ஐம்பது வருசமா பாக்குறேன், அப்படியேதான் கீறாரு. நான்தான் கெழவியாயிட்டேன்" என்றாள்.

இங்கேயும் கருவறைக்குப் பின்னால் தூங்கானை மாடம்தான். ராஜேந்திர சோழன் காலத்துக் கருங்கல் வேலை. காலையில் பாடியில் பார்த்த யானைக்கு அண்ணன் இது.

வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டு மகிழ மரத்தடிக்கு வந்தோம். கதை தெரியாதவர்கள் குறைவுதான், இருந்தாலும் பெரியம்மா சொன்னபடி சொல்கிறேன். சுந்தரர் சங்கிலி நாச்சியாரைக் கல்யாணம் செய்ய, "உன்னைப் பிரியேன்" என்று சத்தியம் செய்ய வேண்டும். அவருக்கு ஊர் ஊராகப் போகிற கால். சத்தியம் செய்யும்போது மட்டும் கருவறையை விட்டு வெளியே போய் மகிழ மரத்தில் இரும் என்று சிவனிடமே கேட்டுக்கொண்டார். சிவன் அந்தப் பக்கம் சங்கிலியாரிடம் போய், சத்தியத்தை மகிழடியில் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். மாட்டிக்கொண்ட சுந்தரர் மரத்தடியில் சத்தியம் செய்தார். பிறகு ஆரூர் நினைப்பு வந்து ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் பார்வை போயிற்று. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று இன்றைக்கும் நடக்கிறது.

"உங்க பெரியப்பாவும் இங்கதான் சத்தியம் பண்ணாரு, குடிக்க மாட்டேன்னு. மூணு தபா" என்றாள் பெரியம்மா. "சுந்தரருக்குக் கண்ணு போச்சு. இவருக்கு ஒண்ணும் ஆவல. கடை எங்ககீதுன்னு நல்லாத் தெரிஞ்சுது." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து காய்ந்து பழுப்பாகிப் போன நாலைந்து மகிழம்பூவை உள்ளங்கையில் கொட்டினாள். கார்த்திகையில் பூ இல்லை. அது எப்போதோ பொறுக்கியது. மகிழம்பூ மட்டும் காய்ந்தாலும் மணம் போகாது. புடவை மடிப்பில் வைத்தால் பெட்டியே மணக்கும். "மூணாவது சத்தியத்தன்னிக்கு எடுத்தது" என்றாள். பெரியப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.

பட்டினத்தார் கோயிலையும் பார்க்காமல் திரும்பினால் கணக்கு முடியாதாம். பேய்க்கரும்பு இனித்த இடத்தில், கடற்கரைப் பிள்ளைகளோடு விளையாடிக் கூடைக்குள் மறைந்து லிங்கமானவர். அவர் காலத்தில் இங்கே மணல் பரந்து கிடந்திருக்கும். இப்போது கடல் அரித்து அரித்து, அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள்தான் கரை. அதைத் தொட்டபடி எண்ணூர் சாலை.

கற்களுக்கு இடையில் கொஞ்சம் மணல் இருந்த இடத்தில் ஃபைபர் போட்டுகள் ஏற்றி வைத்திருந்தார்கள். ஒருவர் வலை தைத்துக்கொண்டிருந்தார். பெரியம்மாவைப் பார்த்ததும், "ஆயா, கவசம் பாத்துட்டியா? துன்னூறு குடு" என்று உட்கார்ந்தபடியே நெற்றியைக் காட்டினார்.

இந்தக் கல்லில் ஆமை எப்படி ஏறும் என்று நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். "ஏறாதும்மா. வந்து முட்டிட்டுத் திரும்பிடும். மணல் கீற எடமாப் பாத்துப் போவும்." பங்குனி ஆமை என்றுதான் இங்கே சொல்கிறார்கள்; தை பிறந்தால் வர ஆரம்பிக்கும். பிறந்த கரையைத் தேடி வந்து, ராத்திரியில் குழி தோண்டி நூறு முட்டைக்கு மேல் இட்டு மூடிவிட்டுப் போய்விடும். குஞ்சு பொரிய ஒன்றரை, இரண்டு மாதம். தாய் திரும்பிப் பார்ப்பதில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையெங்கும் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கினவையும் இவைதான். ஆமைக்கு நுரையீரல்தான், மீனைப் போல நீருக்குள் மூச்சு விட முடியாது. இழுவை வலையில் சிக்கி மேலே வர வழியில்லாமல் மூச்சு முட்டிச் சாகிறது. விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது.

"எங்க வலையில மாட்னா அறுத்து உட்டுருவோம்" என்றார் அவர். "வலை போனா போவுது, தெச்சிக்கலாம். எங்கப்பாரு ஆமைக்குக் குங்குமம் வெச்சுத் தண்ணில உடுவாரு. நான் குங்குமத்துக்கு எங்க போறது, கும்புட்டு உட்ருவேன்." பிறகு வடக்கே கையைக் காட்டினார். எண்ணூர் முகத்துவாரம் அந்தப் பக்கம். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் படிந்ததே, அப்போது படகும் வலையும் கறுத்துப்போன கதையைச் சொன்னார். "கூழைக்கடா பாத்திருக்கியாம்மா? வெள்ளையா, பெருசா. தாருல முக்கி எடுத்த மாதிரி வந்து குந்திச்சு. பறக்கவும் முடியல, எங்களக் கண்டு பயப்படவும் முடியல." வலை தைக்கிற ஊசி அவர் கையில் அப்படியே நின்றிருந்தது.

பெரியம்மா மடியிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். அவர் நெற்றியில் பூசினாள். அவர் எழுந்து, "போட்டுக்கும் வெய்யி ஆயா" என்றார். அதன் முகப்பில் மூன்று விரலால் இழுத்தாள். ஈர ஃபைபரில் பட்டை சரியாக நிற்கவில்லை, மறுபடி இழுத்தாள். பொட்டலத்தில் மீதி கொஞ்சம் இருந்தது. "அந்த வலைய இப்படிக் குடு" என்று கையை நீட்டினாள். அவர் தைத்த இடத்தை எடுத்து நீட்ட, கண்ணி கண்ணியாக அதன் மேல் தூவினாள். பாதி காற்றில் போய்க் கடல் பக்கம் விழுந்தது.