ஜூன் 5-இல் மழை பெய்யாது

சுற்றுச்சூழல் தினத்தன்று மரக்கன்று நடுவதை எதிர்த்துப் பேசும் அறிவியல் ஆசிரியர் என்று எங்கள் வட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. மரத்தின் மீது எனக்கு என்ன பகை? தேதியோடுதான் சண்டை. 1972 ஜூன் 5 அன்று ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மாநாடு தொடங்கியது. அந்த நாளையே உலகச் சுற்றுச்சூழல் தினமாக வைத்து 1973 முதல் கொண்டாடுகிறார்கள். சுவீடனில் அது நல்ல பருவமாக இருக்கலாம். எங்கள் சிவகங்கைப் பக்கம், கத்திரி முடிந்தும் வெக்கை தணியாத வாரம் அது. சில ஆண்டுகளில் பள்ளிக்கூடமே திறந்திருக்காது. 2024-இல் ஜூன் 10 அன்றுதான் திறந்தார்கள். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழை. அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை வருவது. ஜூனில் நட்ட கன்று அதைப் பார்க்க வேண்டுமானால் நான்கு மாதம் தாக்குப்பிடிக்க வேண்டும். ஊரில் ஆடு வேறு இருக்கிறது.

ஆனாலும் போட்டோ போயாக வேண்டும். பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமான தேசிய பசுமைப் படைக்குப் பொறுப்பாசிரியர் நான்தான் என்பதால் அதை அனுப்புவதும் என் வேலை. தலைமையாசிரியரிடம் பேசி ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஜூனில் ஒரே ஒரு கன்று, விருந்தினர் கையால், பிள்ளைகள் தட்டுக் கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில். மற்றபடி அந்த மாதம் விதை பொறுக்கும் மாதம். ஜூன், ஜூலையில் வேப்பம்பழம் உதிர்ந்து கிடக்கும். வேப்ப விதையை வைத்திருந்து பிறகு போடலாம் என்றால் நடக்காது, சில வாரங்களிலேயே முளைப்புத்திறன் போய்விடும். பழத்தைப் பிதுக்கிக் கழுவி, நிழலில் உலர்த்தி, உடனே பையில் போட வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும். கையெல்லாம் பிசுபிசுவென்று ஆகும், யாரும் திட்டமாட்டார்கள். ஐப்பசி மழையில் மண் நனைந்த பிறகு அந்தக் கன்றுகள் தரைக்குப் போகும்.

தேதிக்காக இவ்வளவு வம்பு செய்வதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு காலண்டர், ஊருக்கு ஒரு காலண்டர். இரண்டும் ஒத்துப்போவதே இல்லை. கண்மாய் நிறைவதும், வலசைப் பறவைகள் வருவதும், தவளை கத்துவதும், ஈசல் கிளம்புவதும் அக்டோபருக்குப் பிறகு. அப்போது நாங்கள் அரையாண்டுத் தேர்வுக்குப் பாடம் முடிக்கும் அவசரத்தில் இருப்போம். பார்க்க வேண்டியதெல்லாம் நடக்கிற நாளில் கனமழை விடுமுறை. கோடையில் எல்லாம் காய்ந்த பிறகு பிள்ளைகளுக்கு நேரம் கிடைக்கும்.

சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் சொன்னது. 2003-இல் அதையே மறுபடி வலியுறுத்தி, பாடத்திட்டம் தயாரிக்கும் பொறுப்பைப் பள்ளிக் கல்விக்கான தேசிய அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யிடம் கொடுத்தது. பாடம் வந்துவிட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளும் ஓசோன் படலம், பசுமை இல்ல வாயுக்கள், துருவப் பனி உருகுவது என்று பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிடுவார்கள். பேரணியில் பதாகை பிடிப்பார்கள், ஓவியப் போட்டியில் பூமிக்குக் காய்ச்சல்மானி வைத்துப் படம் வரைவார்கள். பள்ளிக்குப் பின்னால் இருக்கிற கண்மாய்க்கு எத்தனை மடை என்று கேட்டால் முழிப்பார்கள். விவசாயம் பார்க்கிற வீட்டுப் பிள்ளைகளும்தான்.

கண்மாய்க்குக் கூட்டிப்போவது லேசான காரியம் இல்லை. “ஏதாவது ஆச்சுன்னா யாரு சார் பதில் சொல்றது?” என்று தலைமையாசிரியர் கேட்டது நியாயமான கேள்வி. கண்மாயில் மண் அள்ளிய குழிகள் இருக்கும். நீர் நிறைந்திருக்கும்போது வெளியே தெரியாது. அதனால் நாங்கள் போவது பொங்கலுக்குப் பிறகு, நீர் வற்றி உள்வாயில் தரை தெரியத் தொடங்கும் நேரத்தில். பெற்றோரிடம் கையெழுத்து, கூட இன்னொரு ஆசிரியர், ஊர்க்காரர் ஒருவர். பிள்ளைகள் கரையிலேயே நிற்க வேண்டும். காலை முதல் இரண்டு பாடவேளைக்குள் திரும்பிவிடுவோம்.

ஒருமுறை எட்டாம் வகுப்பை அழைத்துப்போனபோது உணவுச் சங்கிலிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என்று தலைமுறை தலைமுறையாக வருகிற அதே சங்கிலி. கரையோரம் நத்தை ஓடுகள் குவிந்து கிடந்தன. சற்றுத் தள்ளி நத்தை குத்தி நாரைகள் தலையைக் குனிந்து சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தன. அதன் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். எதற்கு அந்த இடைவெளி என்று கேட்டேன். “நத்தையை அதுல வச்சு நொறுக்கும் சார்,” என்றான் ஒருவன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு மாணவி மட்டும் கீழே கிடந்த ஓடுகளைப் பொறுக்கி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். “ஒண்ணுகூட உடையலயே சார்?”

அதற்கு மேல் நான் பாடம் நடத்தவில்லை. அரை மணி நேரம் அவர்களே சண்டை போட்டார்கள். தானாகச் செத்த நத்தையாக இருக்கும் என்றது ஒரு கட்சி. அப்படியானால் ஓட்டின் வாயை அடைத்திருக்கிற வாய்மூடி எங்கே என்றது இன்னொரு கட்சி. தேடினால் மூடிகள் ஓட்டோடு ஒட்டாமல் தனியாகக் கிடந்தன. பறவை ஓட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழலகின் நுனியை மூடிக்கு அடியில் விட்டு, தசையை அறுத்துச் சதையை உருவிவிடுகிறது. பெரும்பாலும் ஓடு உடைவதில்லை. இதைத் திரும்பி வரும் வழியில் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருந்தால் நோட்டில் எழுதியிருப்பார்கள், அவ்வளவுதான். அந்த வகுப்பில் அதன் பிறகு சங்கிலி என்றாலே பாசி, நத்தை, நாரை என்றுதான் எழுதினார்கள். வயலில் நத்தைக்கு மருந்து வைத்தால் நாரை என்ன ஆகும் என்ற கேள்வியை நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒருத்தி வீட்டில் கேட்டு, அப்பாவிடம் ஒரு முறைப்பையும் வாங்கிவிட்டு வந்தாள்.

மழை அளக்கும் வேலையும் இப்படித்தான் வளர்ந்தது. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பகுதியை அறுத்து, தலைகீழாகப் புனல் மாதிரிச் செருகினால் மழைமானி தயார். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருக்கும் என்பதால், கூழாங்கல் போட்டு, பக்கம் நேராகும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அதைப் பூஜ்ஜியம் என்று கோடு போட வேண்டும். இந்தப் பூஜ்ஜியத்தைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மறுநாள் செய்தித்தாளில் தாலுகா வாரியாக மழை அளவு வரும். எங்கள் அளவோடு அது பொருந்தாத நாள்தான் அதிகம். “பேப்பர்ல தப்பா போட்டுட்டாங்க” என்பது முதல் முடிவு. பக்கத்து ஊரிலிருந்து வருகிற மாணவன் அவன் வீட்டிலும் ஒரு பாட்டில் வைத்த பிறகுதான், மழை ஊருக்கு ஊர் மாறும் என்பது அளவாகவே தெரிந்தது.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 200 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 30 மில்லிமீட்டர் பெய்தால் 6,000 லிட்டர். கணக்கைப் போட்டுவிட்டு, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கக் கிளம்பினார்கள். தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே கட்டாயமாகிவிட்டது. எங்கள் குழாய் பாதியில் உடைந்து, தண்ணீர் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு முழங்கை இணைப்பு வாங்கி மாட்டினோம். செலவு சொற்பம்.

தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்பதையும் சோதித்துப் பார்த்தார்கள். தட்டான் பறந்த நாள், மழை பெய்த நாள் என்று இரண்டு கட்டம். மழைக்கு முன்னால் பறந்ததும் உண்டு, மழை விட்ட மறுநாள் அதைவிடக் கூட்டமாகப் பறந்ததும் உண்டு. பழமொழி சரியா தவறா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஒருவன் நோட்டை எடுத்துப்போய் அப்பத்தாவிடம் காட்டியிருக்கிறான். “நீ பாத்தது எந்தத் தட்டான்?” என்று கேட்டு அனுப்பிவிட்டார். எத்தனை வகை இருக்கிறது என்று பார்க்க அடுத்த ஆண்டு புதிதாக ஒரு கட்டம் சேர்க்க வேண்டியதாயிற்று.

எல்லாம் இப்படி இனிமையாகப் போவதில்லை. சீமைக்கருவேல மரத்தைப் பற்றி வகுப்பில் பேசுவது எனக்கு எப்போதுமே கஷ்டம். அமெரிக்கக் கண்டத்து மரம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்தது. கண்மாயையும் புஞ்சையையும் பிடித்துக்கொண்டு நாட்டுச் செடிகளை எழவிடாமல் செய்கிறது. இதெல்லாம் உண்மை. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின் பேரில் பல மாவட்டங்களில் அகற்றும் வேலை வேகமாக நடந்தது, பள்ளிகளிலும் பேச்சு அதுவாகவே இருந்தது. கூடவே வாட்ஸ்அப் கதைகளும் வந்தன: காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும், எந்தப் பறவையும் அதில் கூடு கட்டாது என்றெல்லாம். கூடு விஷயத்தைப் பிள்ளைகள் எளிதாக முடித்துவிட்டார்கள். கண்மாய்க்குள் நிற்கிற சீமைக்கருவேலத்தில் கொக்குக் கூடு இருப்பதை எண்ணியே எழுதி வந்தார்கள்.

ஆனால் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற சிலரின் வீட்டில் அடுப்பெரிவதே இந்த மரத்தை வெட்டிக் கரியாக்கி விற்கிற கரிமூட்டத்தால்தான். மழை பொய்த்த ஆண்டுகளில் மானாவாரி நிலத்துக்காரர்களுக்கு அந்த மரம் சோறு போட்டிருக்கிறது. “அப்ப எங்க அப்பா வெட்டுறது நல்லதா, கெட்டதா சார்?” என்று ஒருவன் கேட்டான். வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும், வேரோடு பிடுங்கினால்தான் போகும், பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் எதையும் வளர்க்காவிட்டால் அதுவே திரும்ப வரும் என்பது வரை சொன்னேன். நல்லதா கெட்டதா என்பதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் இல்லை என்று சொன்னால் பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான். சுவரில் எழுதும் வாசகத்துக்கு அது உதவாது. ஆனாலும் வில்லன் ஒன்றைக் காட்டி முடித்துவிடுகிற சுற்றுச்சூழல் பாடத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு.

எங்கள் மாவட்டத்திலேயே, திருப்பத்தூர் பக்கம், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 38.4 ஹெக்டேர், 1977-இல் அறிவித்தார்கள். கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை; பல பத்தாண்டுகளாக இது நடக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது, அங்குள்ள சிறுவர்களிடம் எங்கள் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வியே “வெடி போடணும்னு ஆசையா இருக்காதாடா?” என்பதுதான். இருக்கும் என்று கூச்சமில்லாமல் சொன்னார்கள். நாரை எந்த மாதம் வரும், குஞ்சு எப்போது கூட்டைவிட்டுக் கிளம்பும் என்பதையும் சொன்னார்கள். அந்த ஊரில் இதற்கென்று தனிப் பாடவேளை கிடையாது. பெரியவர்கள் வெடிப்பதில்லை, அதனால் சின்னவர்களும் வெடிப்பதில்லை. இதற்கு ஈடாகப் பள்ளிக்கூடத்தில் என்ன செய்ய முடியும் என்று யோசித்தால், எனக்குக் கிடைக்கிற பதில் சின்னது: ஒரே இடத்தை ஆண்டுதோறும் போய்ப் பார்ப்பது. ஒரு வகுப்பு எழுதியதை அடுத்த வகுப்பு படித்துவிட்டுக் கிளம்புவது. எங்களிடம் கண்மாய் நோட்டு என்று ஒன்று உண்டு. ஆய்வக அலமாரியில், அமில பாட்டில்களுக்குப் பக்கத்தில் இருக்கும்.

அந்த நோட்டுக்காகத்தான் வரத்துக்காலை வரைய ஆரம்பித்தோம். கண்மாய்க்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று நடந்தே பார்ப்பது, ஐம்பது தப்படிக்கு ஒருமுறை அகலத்தை அளப்பது. மேல்பக்கம் நல்ல அகலமாக வருகிற கால், ஊர் நெருங்க நெருங்க ஒடுங்கி, புதிதாகக் கல் ஊன்றிய பிளாட்டுகளுக்குள் போய்க் காணாமல் போனது. அந்தப் பக்கம் ஒரு சின்னக் குழாய் வழியாகத் திரும்ப வெளியே வருகிறது. “யாரு சார் அடைச்சது?” என்று கேட்டார்கள். யார் என்று ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். அரசு ஊழியனாக நான் வகுப்பில் நின்று சொல்லக்கூடிய பெயர் இல்லை அது. சொன்னால் அடுத்த முறை பெற்றோர் கையெழுத்தும் வராது, பிள்ளைகளும் வரமாட்டார்கள். அளவை மட்டும் எழுதுங்கள், தேதி போடுங்கள் என்றேன். பின்வரிசையிலிருந்து ஒருவன், “சார், எங்க தாய்மாமாதான்,” என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்; அவனும்தான். அப்புறம் டேப்பை வாங்கிக்கொண்டு குழாயின் விட்டத்தை அவனே அளந்தான். எழுதும்போது எழுத்துப்பிழை ஒன்று இருந்தது, அதைத் திருத்திவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.