கிட்னி குடுக்க வர்றவங்களுக்கு எடுக்குற ஸ்கேன்

சித்தூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில சிடி ஸ்கேன் எடுக்குற டெக்னீஷியன் வேலை எனக்கு. வேலூர் இங்கருந்து கிட்டத்துல தான், இந்தியாவுல முதல் தடவையா கிட்னி மாத்து ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது 1971ல அங்க சிஎம்சி ஆஸ்பத்திரில, அதனால இந்த பார்டர் ஊருகள்ல கிட்னி குடுக்குறதுன்னா ஜனங்களுக்கு புதுசு கிடையாது. ஆனா குடுக்குறவங்களுக்கு எதுக்கு ஸ்கேன்னு கேப்பாங்க, "வியாதி அவனுக்கு தானே தம்பி, எனக்கு எதுக்கு ஊசி"ன்னு.

நியாயமான கேள்வி. மத்த பேஷன்ட் எல்லாம் வியாதியோட வர்றாங்க, இவங்க நல்ல உடம்போட வந்து கை நீட்டுறாங்க, ரேடியேஷனும், ரத்தக்குழாய் படத்துல தெரிய ஊசில ஏத்துற கான்ட்ராஸ்ட் மருந்தும் இன்னொருத்தருக்காக வாங்கிக்குறாங்க. அதனால டோனருக்கு, அதாவது கிட்னி குடுக்குறவங்களுக்கு, ரெண்டாவது தடவை எடுக்குற நிலைமை வரவே கூடாதுன்னு எனக்கு ஒரு பிடிவாதம். மருந்து வேகமா உள்ள போறப்போ உடம்பு குப்புன்னு சூடாகும், யூரின் போயிட்ட மாதிரி இருக்கும், இத முன்னாடியே சொல்லலன்னா பயந்து அசைஞ்சிருவாங்க, படம் போச்சு. மெஷின்ல வர்ற இங்கிலீஷ் குரல நம்பாம "மூச்சை இழுத்து அடக்குங்க"ன்னு நானே சொல்லுவேன், தெலுங்கு ஆளா இருந்தா "ஊபிரி பிகபட்டண்டி". இதயத்துல இருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாயான மகாதமனில மருந்து ஏறுறத பாத்து முதல்ல கிட்னிக்கு ரத்தம் கொண்டு போற ஆர்ட்டரிய எடுப்பேன், கொஞ்சம் விட்டு ரத்தம் திரும்பி வர்ற வெயின், அப்புறம் சில நிமிஷம் கழிச்சு கிட்னில இருந்து கீழ இறங்குற யூரின் குழாய்.

பொதுவா எடது கிட்னிய தான் எடுப்பாங்க, அந்தப் பக்கம் வெயின் நீளம், வச்சு தைக்க சுலபம். ஆனா ரெண்டுல ஒண்ணு கொஞ்சம் சுமார்னா நல்லது டோனருக்கே, சுமாரானது தான் வெளிய போகும். இந்த ஒரு விதி எனக்கு ரொம்ப மரியாதையான விதியா தோணும்.

நகரி பக்கத்துல இருந்து ஒரு அக்கா, தம்பிக்கு குடுக்க வந்தாங்க. எடது பக்கம் ரெண்டு ஆர்ட்டரின்னு ரிப்போர்ட். "அப்போ என்னோடது ஆகாதா"ன்னு என்கிட்ட வந்து அழுதாங்க. "இல்லக்கா, நாலு பேர்ல ஒருத்தருக்கு இப்படி இருக்கும், கோளாறு இல்ல, தைக்குற டாக்டருக்கு முன்னாடியே தெரியணும் அவ்ளோ தான், மிச்சத்த பெரிய டாக்டர் சொல்லுவாரு"ன்னேன். அதே கிட்னிய தான் எடுத்தாங்க.

கிட்னியோட கீழ் முனைக்கு போற மெல்லிசான ஆர்ட்டரிய தவற விட்டா தான் ஆபத்து. யூரின் குழாய்க்கு ரத்தம் அது வழியா போகுது, தெரியாம வெட்டுனா குழாய் செத்து யூரின் கசியும். அபூர்வமா அந்த ஆர்ட்டரி இடுப்புக்குள்ள இருந்தும் கிளம்பும். அதான் புதுசா வர்ற பசங்க கிட்னி வரைக்கும் மட்டும் எடுத்து ஸ்கேன நிறுத்தப் பாத்தா நான் விடுறதில்ல, இடுப்பு வரைக்கும் மெல்லிசு ஸ்லைஸ்ல எடுத்துட்டு தான் டோனர டேபிள விட்டு எறக்கணும்.