இலவச உழைப்புக்கும் பில் உண்டு: சாரணர் குழுவில் பொருளாளராக இருந்த அனுபவம்

பெற்றோர் கூட்டத்தில் "பொருளாளர் பொறுப்பை யாராவது எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்ட அந்த நொடியில் எல்லோரும் குனிந்து செல்பேசியைப் பார்த்தார்கள். நான் பார்க்காமல் இருந்துவிட்டேன். நான் மாட்டிக்கொண்டது இப்படித்தான். அதுவரை என் பையனைக் குருளையர் கூட்டத்துக்குக் கொண்டுவந்து விடுவதும் திரும்பக் கூட்டிப்போவதும்தான் எனக்கும் சாரணர் இயக்கத்துக்கும் இருந்த உறவு.

பொறுப்பேற்றதும் முதலில் புரியவேண்டியிருந்தது யார் யாருக்கு என்ன வேலை என்பதுதான். பிள்ளைகள் பக்கம் எளிது. சின்னவர்களான குருளையர்கள் ஆறு பேர் கொண்ட சிறு அணிகளாக இருப்பார்கள். பெரியவர்களான சாரணர்களின் அணியில் ஆறிலிருந்து எட்டுப் பேர். அவர்களில் ஒருவர் அணித்தலைவர். பல அணிகள் சேர்ந்தால் ஒரு படை. அணித்தலைவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி முடிவெடுக்க ஒரு சபை உண்டு. அதில் பெரியவர்கள் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொள்வதோடு சரி. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சாரணத் தலைவர், துணைத் தலைவர்கள், எல்லோருக்கும் மேலே குழுத் தலைவர்.

பெற்றோர் கண்ணில் படாதது இன்னொரு பாதி. தலைவர், செயலாளர், பொருளாளர், சில உறுப்பினர்கள் அடங்கிய நிர்வாகக் குழு அது. இடம், பணம், தளவாடம், காப்பீடு எல்லாம் இவர்கள் தலையில். சாரணத் தலைவர்கள் பிள்ளைகளைப் பார்க்கட்டும், மற்றதை நாங்கள் பார்க்கிறோம் என்பதுதான் ஏற்பாடு. சட்டப்படி இதெல்லாம் யாருடையது என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் குழு என்பதே அறங்காவலர்கள் பொறுப்பில் நடக்கும் ஓர் அறக்கட்டளை. அமெரிக்காவில் ஒரு தேவாலயமோ சமூக அமைப்போ குழுவைத் தன் பெயரில் ஏற்று நடத்தும். பள்ளிக்கூடமே நடத்துகிற நாடுகளும் உண்டு. எங்கே போனாலும் குழு மட்டத்தில் சம்பளம் வாங்குகிறவரைப் பார்ப்பது அபூர்வம்.

நான் வந்த சமயம் குழுவின் பதிவைப் புதுப்பிக்கும் காலம். பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல், பெரியவர்களின் பின்னணிச் சரிபார்ப்பு, பயிற்சிச் சான்றுகள், கூடும் இடத்துக்கான அனுமதி, போன வருஷக் கணக்கு எல்லாம் மேலே போகவேண்டும். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. அதனால் எந்த நிகழ்ச்சிக்கும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மூன்றாமவர் தேவை. பணம் இல்லாமல் மூடிய குழுவைவிட ஆள் இல்லாமல் மூடிய குழுக்கள்தான் அதிகம் இருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றியது; இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வங்கியில் கையெழுத்து மாற்றுவது தனிக்கதை. தனிநபர் கணக்கென்றால் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை, குழுவின் கணக்கு என்றதும் இழுத்துக்கொண்டே போனது. தீர்மான நகல் கேட்டார்கள், கொடுத்தோம். கூட்டக் குறிப்பு கேட்டார்கள், கொடுத்தோம். பிறகு தீர்மானத்தில் இருக்கும் கையெழுத்தும் பழைய கையெழுத்தும் ஒத்துப்போகவில்லை என்றார்கள். "தற்காலிகமா உங்க சொந்தக் கணக்கிலேயே வாங்கிக்கங்களேன் சார்" என்று ஒரு பெற்றோர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். முடியாது என்றுவிட்டேன். பிள்ளைகளின் பணம் ஒருவர் பெயரில் கிடக்கக் கூடாது, எடுக்கும்போது இரண்டு கையெழுத்து இருக்கவேண்டும். நம்பிக்கையானவரைக் காப்பாற்றத்தான் இந்த விதி.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி சந்தாதான். ஆனால் சந்தா முழுவதும் குழுவுக்கு மிஞ்சாது. தேசியச் சங்கத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஆண்டுக் கட்டணம் கட்டவேண்டும். எங்கள் காப்பீடு அதில் அடக்கம். அது ஒரே தவணையில் கேட்கப்படும். பெற்றோரோ மாதா மாதம், அதுவும் நினைவுபடுத்தினால், கொடுப்பார்கள். கணக்கில் பணம் இருப்பதுபோலத் தெரிந்தாலும் அதில் பாதி ஏற்கெனவே வேறொருவருடையது. அந்தத் தொகையைத் தனியாக ஒதுக்கிக் காட்டும் ஒரு பத்தியைக் கணக்குத்தாளில் சேர்த்த பிறகுதான் நிர்வாகக் குழுவில் "பணம்தான் இருக்கே, கூடாரம் வாங்கலாமே" என்ற பேச்சு அடங்கியது.

முகாமுக்கு எப்போதும் தனிக்கணக்கு. வண்டி வாடகையும் முகாமிட வாடகையும் பத்துப் பேர் வந்தாலும் முப்பது பேர் வந்தாலும் ஒன்றுதான், சாப்பாடுதான் தலைக்கணக்கு. ஆக எத்தனை பேர் வந்தால் கையைக் கடிக்காது என்று முதலிலேயே போட்டுப் பார்த்துவிட வேண்டும். சாப்பாட்டுப் பட்டியலை அணிகளிடமே விட்டோம்: தலைக்கு இவ்வளவு, நீங்களே திட்டமிட்டு வாங்குங்கள். ஓர் அணித்தலைவி கால்குலேட்டரை வைத்துக்கொண்டு இரண்டாம் நாள் காலை உணவைக் குறைத்து, மிச்சத்தை இரவுக்கு மாற்றினாள். ஏன் என்று கேட்டேன். "காலையில யாருக்கும் பசிக்காது சார், ராத்திரிதான் சண்டை வரும்." முகாம் முடிந்து அவள் கொடுத்த பில்கள் நனைந்து, மை கலங்கி, ஆனால் தேதி வரிசையில் இருந்தன. பெரியவர்கள் சிலரிடம்கூட நான் அந்த வரிசையைப் பார்த்ததில்லை.

கட்டணம் கட்ட முடியாத வீடுகள் எல்லாக் குழுவிலும் உண்டு. இது இயக்கம் பிறந்த நாளிலிருந்தே இருக்கிற விஷயம். 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமில் வசதியான பள்ளிப் பையன்களுக்குக் கட்டணம் 1 பவுண்டு; மற்றப் பையன்களுக்கு 3 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முகாமில் பற்றாக்குறை விழுந்தது. வந்திருந்த இரண்டு பையன்களின் அப்பா அதை அடைத்தார். நாங்களும் சலுகை வைத்தோம். யாருக்கு என்பது குழுத் தலைவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். கணக்கில் "சலுகை" என்று மொத்தத் தொகை மட்டும் வரும். விண்ணப்பப் படிவம் வைக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. படிவம் வைத்தால் தேவைப்படுகிறவர்கள் கேட்கவே மாட்டார்கள் என்று சொல்லித் தடுத்தேன்.

நிதி திரட்டுவதைப் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. அமெரிக்கச் சாரணியர் பிஸ்கட் விற்கத் தொடங்கியது 1917இல், ஓக்லஹோமாவின் மஸ்கோகியில். பிரிட்டனில் 1949இல் சாரணர்கள் அக்கம்பக்கத்து வீடுகளில் சின்னச் சின்ன வேலை செய்து ஒரு ஷில்லிங் வாங்கும் வாரம் வந்தது. நாங்கள் கார் கழுவினோம், பழைய புத்தகம் விற்றோம். பிள்ளைகள் உழைத்துச் சம்பாதித்தால் வருமானத்தைவிட அந்தப் பழக்கம் பெரிது என்பது உண்மை. ஆனால் பெற்றோரே விற்று, பெற்றோரே வாங்கி முடிகிற விற்பனைகளும் உண்டு. அதற்குச் சந்தாவைக் கொஞ்சம் ஏற்றிவிடுவது நேர்மை.

என்னை உண்மையில் உறுத்தியது வேறு. கயிறு, பெட்ரோல், முதலுதவிப் பெட்டியில் தீர்ந்த பொருள், பயிற்சிக்குப் போய்வந்த செலவு என்று எதற்கும் சாரணத் தலைவர்கள் பில் கொடுப்பதே இல்லை. "விடுங்க சார், இதுக்கெல்லாமா" என்பார்கள். பெருந்தன்மைதான். ஆனால் அந்தச் செலவு கணக்கில் வராததால் குழு மலிவாக நடப்பதுபோல ஒரு தோற்றம் உண்டாகிறது. அடுத்து பொறுப்புக்கு வருகிறவர் அவ்வளவு வசதி இல்லாதவராக இருந்தால்? கேட்கக் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுவார். அப்புறம் "யாரும் முன்வருவதில்லை" என்று நாமே புலம்புவோம். ஆகவே ஒரு வழி செய்தோம்: எல்லோரும் பில் கொடுத்தே ஆகவேண்டும், பணம் கொடுத்தே தீர்ப்போம், வேண்டாம் என்கிறவர் வாங்கிக்கொண்டு நன்கொடையாகத் திருப்பித் தரலாம். முதலில் முணுமுணுப்பு. மூத்த தலைவர் ஒருவர் "இத்தனை வருஷம் இல்லாத பழக்கம்" என்று கோபித்துக்கொண்டார். ஆனால் அவருடைய பில்தான் எல்லாவற்றிலும் பெரிதாக இருந்தது.

ஆண்டுக்கூட்டத்தில் அந்தத் தொகை முதல்முறையாகத் தனி வரியில் வந்தது. வெளியாள் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட கணக்கு. படித்தபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, பிறகு ஒரு அம்மா "இவ்வளவையும் இவங்க கையிலிருந்தா போட்டுக்கிட்டு இருந்தாங்க?" என்று கேட்டார். சந்தா உயர்வுத் தீர்மானத்துக்கு ஒருவர் மட்டும் எதிராகக் கை தூக்கினார். பயிற்சிச் செலவு வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாகச் சேர்ந்தது. அந்தக் கேள்வி கேட்ட அம்மா இப்போது குருளையருக்குத் துணைத் தலைவர். பயிற்சிக்குப் போய்வந்த செலவுக்கு முதல் வாரமே பில் கொடுத்துவிட்டார்.