காலையில பார்க்கலாம்மா

மாலை 5.45-க்கு மேல் யாருக்கும் நேரம் தருவதில்லை என்று முடிவெடுத்து மூன்றாவது வாரம் அது. காலண்டரில் அந்த நேரத்தைச் சிவப்பில் அடைத்தும் வைத்திருந்தேன். லேப்டாப்பைப் பாதி மூடியபோது, குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் வந்து நின்றார்.

"சார், ஒரு அஞ்சு நிமிஷம் இருக்குமா?"

"காலையில பார்க்கலாம்மா."

"சரி சார், பரவாயில்லை."

அவ்வளவுதான் பேச்சு. கையிலிருந்த தாளை நான்காக மடித்துக்கொண்டே போனார்.

நான் சொன்னதில் தப்பு இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஐந்து நிமிடம் கேட்பவர்கள் பொய் சொல்வதில்லை, அவர்களுக்கே தெரியாது. எந்த வேலைக்கும் ஆகிற நேரத்தைக் குறைத்தே கணக்குப் போடும் நம் புத்தியைப் பற்றி உளவியல் அறிஞர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதிவிட்டார்கள். என் அனுபவத்தில் ஐந்து என்றால் நாற்பது.

ஆனால் அன்றைக்கு உண்மையிலேயே ஐந்துகூட ஆகியிருக்காது. இரண்டு மொத்தங்கள் ஒத்துப்போகவில்லை, அதுதான் சிக்கல். எக்செலில் 'சம்' போட்டால், ஃபில்டரில் மறைந்திருக்கும் வரிசைகளையும் சேர்த்தே கூட்டும். கண்ணுக்குத் தெரிவது மட்டும் வேண்டுமென்றால் 'சப்டோட்டல்' போட வேண்டும். பார்த்ததும் சொல்லியிருப்பேன். அவர் இரவு எட்டரை வரை ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்துச் சரிபார்த்திருக்கிறார்.

சரி, அப்படித்தானே கற்றுக்கொள்ள முடியும்? இதையும் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உறுத்துவது வேறு.

அன்று நான் கிளம்பியது எங்கள் புகைப்படக் குழுவின் கூட்டத்துக்கு. கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம் போதும் என்றுதான் பேச்சு. "நீங்க எழுதினாத்தான் நல்லா இருக்கும்" என்றார்கள். படக்குறிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அப்புறம் படங்களுக்குப் போடும் சட்டம் கறுப்பா வெள்ளையா என்று பதினொன்றரை வரை ஒரு சண்டை. அதிலும் இருந்தேன். ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இல்லை, பார்த்தேன். கிளம்புகிறேன் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. காசு வாங்காமல் செய்யும் இடத்தில் நேரக் கணக்குப் பேசினால், ஏதோ பாசமே இல்லாதவன் மாதிரி ஆகிவிடுகிறது.

நடுவில் மேலாளர் அழைத்தார். வெளியே போய் எடுத்துப் பேசினேன். பன்னிரண்டு நிமிடம்.

பிரான்சில் 2017 ஜனவரியிலிருந்து, வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் இதைத் தொழிலாளர் தரப்போடு உட்கார்ந்து பேசியாக வேண்டும். அலுவலகத்தில் எத்தனையோ பேரிடம் நானே இதை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அந்த ஏற்பாடு மேலே இருப்பவரை நினைத்து வந்தது. நான் போட்ட வேலியோ மேலாளரை உள்ளே விட்டது, புகைப்படக் குழுவை உள்ளே விட்டது, அந்தப் பெண்ணை மட்டும் நிறுத்தியது. மறுக்க எளிதானவரிடம்தான் மறுத்திருக்கிறேன்.

அதற்காக வேலியையே எடுத்துவிடவா? எடுத்திருந்தால் இந்நேரம் தினமும் எட்டரை வரை உட்கார்ந்திருப்பவன் நான்தான். அதுவும் எனக்குத் தெரியும்.

அதன்பிறகு அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. காலையில் நேரம் இருக்கிறது என்று இரண்டு முறை நானாகப் போய்ச் சொன்னேன். "முடிச்சிட்டேன் சார்" என்கிறார், சிரித்துக்கொண்டே. கோபமா, இல்லையா, தெரியவில்லை.

புதன்கிழமை மறுபடி குழுக் கூட்டம். படக்குறிப்புகள் இன்னும் பாதி பாக்கி.