வளாகத்தில் வைஃபை வேட்டை: இதுவரை பார்த்த இடங்கள்

முதல் வேலையாக, போன் காட்டும் கோடுகளைப் பார்ப்பதை நிறுத்தினேன். மூன்று கோடு என்பதற்கு ஒவ்வொரு போனும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வைஃபை அனலைசர் மாதிரி செயலி இருந்தால் சிக்னலின் பலத்தைச் சொல்லும் டிபிஎம் அளவையே பார்க்கலாம். எப்போதும் மைனஸில்தான் வரும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. -67க்குக் குறையாமல் இருந்தால் வீடியோ அழைப்பு தாங்கும். -80க்குக் கீழே போனால் சாதாரணப் பக்கம்கூட முக்கி முனகித்தான் திறக்கும்.

நூலகத்தில் தொடங்கினேன். வாசிப்புக் கூடத்தில், கூரையில் மாட்டிய ஆக்சஸ் பாயிண்டுக்கு (வைஃபையைப் பரப்பும் பெட்டி) நேர் கீழே -42. அடேயப்பா! ஆனால் கூட்டம் சேர்ந்ததும் அதே இடத்தில் வீடியோ திக்கித் திக்கி ஓடியது. டிபிஎம் அசையவே இல்லை. ஒரு கருவி பேசும்போது அதே சேனலில் (அலைவரிசையின் ஒரு பகுதி) இருக்கும் மற்றவை பெரும்பாலும் காத்திருந்தாக வேண்டும். சிக்னல் எவ்வளவு இருந்தாலும் வரிசை வரிசைதான்.

அடுத்து புத்தக அடுக்குகள். இரும்பு அலமாரிகளைத் தாண்டி உள்ளே போனதும் வைஃபை அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் -78க்கு விழுந்தது, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் -66இல் நின்றது. தடுப்புகளைத் தாண்டுவதில் 2.4 கெட்டி. ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் வேறு அங்கேயேதான் குடித்தனம்.

அங்கேயே ஒரு வேடிக்கை பார்த்தேன். மேசையில் லேப்டாப்பை நான்கு விரல் அகலம் தள்ளினால் -71. திரும்ப இழுத்தால் -66. அலமாரியிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் சேர்கின்றன, பக்கத்திலேயே ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 2.4இன் அலைநீளமே சுமார் 12.5 செ.மீ.தான், அதனால் அந்தச் சின்ன நகர்வே போதும். நடுவில் நம் உடம்பு வந்தாலும் சில டெசிபல் போய்விடும், உள்ளே இருப்பது பெரும்பாலும் தண்ணீர் அல்லவா?

அப்புறம் மாடி ஏறினேன். போன் கீழ்த்தளத்து ஆக்சஸ் பாயிண்டையே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டதும் பக்கத்தில் இருப்பதற்கு மாறியது. மாடி ஏறி இறங்குபவர்களுக்கு இது ஒன்றே பாதிக் குறையைத் தீர்க்கும்.

இப்போதைக்கு என் ஓட்டு இரண்டாம் மாடித் தாழ்வாரப் பெஞ்சுக்கு. 5 கிகாஹெர்ட்ஸில் -58தான், நூலகக் கூடத்தை எட்டாது. ஆனால் சேனலில் ஆள் குறைவு, பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) குதிப்பதில்லை, வீடியோ அழைப்பு அறுபடவில்லை. ஒரே குறை, பக்கத்தில் பிளக் பாயிண்ட் கிடையாது. பேட்டரியை நிரப்பிக்கொண்டுதான் போக வேண்டும்.